சந்தைவெளியில் நிற்பவருக்கும் ஒரு பங்கு



கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியில் கெலாக் என்னும் பெயரை நாம் பார்த்திருப்போம். அது வில் கீத் கெலாக் என்ற மனிதரின் பெயர். அவர் 1860-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பேட்டில் கிரீக் என்னும் ஊரில் பிறந்தார். கத்தோலிக்கர் அல்லர், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக் குடும்பத்தவர். சிறுவயதில் துடைப்பம் விற்றார். பின்னர் மருத்துவரான தம் அண்ணனிடம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குறைந்த சம்பளத்துக்கு இரவு பகல் பாராது உழைத்தார். 1906-இல்தான் சொந்த நிறுவனம் தொடங்கினார்.

1929-இல் அமெரிக்காவைப் பொருளாதாரப் பெருமந்தம் தாக்கியது. எங்கும் வேலையில்லாதோர் கூட்டம். 1930 டிசம்பர் முதல் நாள் கெலாக் தம் ஆலையின் வேலை நேரத்தை மாற்றினார். எட்டு மணி நேர ஷிப்ட் மூன்று நடந்த இடத்தில், ஆறு மணி நேர ஷிப்ட் நான்கு நடந்தன. ஆலை ஓடியது அதே 24 மணி நேரம்தான். ஆனால் நான்காம் ஷிப்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஏறத்தாழ 300 பேருக்கு வேலை கிடைத்தது.

நேரம் குறைந்தால் கூலியும் குறையுமே! அதனால் மணிக்கூலியை 12.5 விழுக்காடு உயர்த்தினார். அப்படியும் பழைய தொழிலாளரின் நாள் வருமானம் முதலில் சற்றுக் குறைந்தது. முதலாளியும் விட்டுக்கொடுத்தார், வேலையில் இருந்தவரும் விட்டுக்கொடுத்தார். இல்லாதவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. இயன்றவரை பலருக்கு வேலை கிடைக்கும்படி கூலி அமைய வேண்டும் என்று 1931-இல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் கற்பித்ததும் இக்காலத்தில்தான்.

கண்பார்வை இழந்த நிலையில் 1951-இல், 91-ஆம் வயதில் கெலாக் இறந்தார். போர்க்காலத்தில் திரும்பி வந்த எட்டு மணி நேர வேலை பின்பு மெல்ல மெல்ல நிலைத்தது. கூடுதல் சம்பளத்தைப் பலர் விரும்பினர். ஆள் கூடினால் சலுகைச் செலவும் கூடும் என்று நிர்வாகம் கருதியது. 1985-இல் ஆறு மணி நேர வேலை அங்கே முற்றிலும் முடிந்தது. ஆகவே, நேரத்தைக் குறைத்தால் மட்டும் வேலை பெருகிவிடாது. பகிரும் மனம் இருக்கும்வரைதான் அது நிலைக்கும்.

மத்தேயு நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டக்காரர் மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளிக்குப் போகிறார். அங்கே நிற்பவரை நாமும் பார்க்கிறோமா? ஒருவரையே பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கும்போது, இன்னொருவரின் பிழைப்பு நம் கையில் இருப்பதை எண்ணிப் பார்ப்போம். பகிர்ந்து வாழ இறைவன் நமக்கு அருள்வாராக!