நூற்றாண்டு நிறைந்த கைங்கர்யம்: ஸ்ரீ வேதாந்த தேசிகன் வைபவம்

பகவானிடத்தில் பக்தி செலுத்துவதற்கு உரிய பருவம் எது என்ற ஐயம் பலருக்கும் எழுவதுண்டு. இளமையில் கல்வியும் விளையாட்டும், நடுவயதில் குடும்பச் சுமையும், முதுமையில் உடல் தளர்ச்சியும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இம்மூன்று காரணங்களுக்கும் தமது வாழ்க்கையையே மறுமொழியாக அளித்தருளியவர் ஸ்வாமி வேதாந்த தேசிகன். நூற்றொரு திருநக்ஷத்திரங்கள் நிறைந்த அவ்வாழ்வில் எம்பெருமானை விட்டு விலகிய பருவம் என்று ஒன்று இருந்ததில்லை.

காஞ்சீபுரத்தை அடுத்த தூப்புல் என்னும் அக்ரஹாரத்தில், 1268ஆம் ஆண்டு, விபவ வருஷம் புரட்டாசித் திருவோணத்தன்று, அனந்தசூரிக்கும் தோதாரம்பைக்கும் திருக்குமாரராக ஸ்வாமி அவதரித்தார். அது திருவேங்கடமுடையானுக்கும் உகந்த திருநக்ஷத்திரம். மகப்பேறு வேண்டித் திருமலை சென்ற தம்பதிகளுக்கு எம்பெருமானின் திருமணியே பிள்ளையாக வந்ததென்பது குருபரம்பரை கூறும் வரலாறு. வேங்கடநாதன் என்னும் திருநாமமும் அதனால் அமைந்தது.

தாயின் உடன்பிறந்தவரான கிடாம்பி அப்புள்ளார், எம்பெருமானாருக்கு மடைப்பள்ளிக் கைங்கர்யம் செய்த கிடாம்பி ஆச்சானின் வம்சத்தவர். அவருக்கு ஆசார்யர் நடாதூர் அம்மாள். பேரருளாளனுக்குச் சூடு ஆற்றிய பாலைப் பக்குவமறிந்து ஒரு தாயைப் போல் ஸமர்ப்பித்தமையால் அப்பெயர் பெற்ற மஹாசார்யர் அவர். ஒரு நாள் அப்புள்ளார், ஐந்து வயது நிரம்பிய மருமகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அம்மாளின் ஸ்ரீபாஷ்ய காலக்ஷேபத்திற்குச் சென்றார். குழந்தையின் தேஜஸ்ஸில் ஈடுபட்ட அம்மாள் ப்ரவசனத்தை நிறுத்தி அக்குழந்தையோடு பேசலானார். பின்னர்த் தொடர முற்பட்டபோது விட்ட இடம் அவருக்கும் நினைவில் இல்லை. கூடியிருந்த சிஷ்யர்களுக்கும் நினைவில் இல்லை. தரையில் அமர்ந்திருந்த குழந்தை அவ்விடத்தை எடுத்துரைத்தது. முதுமையின் எல்லையில் நின்ற ஆசார்யர் கண்ணீர் மல்க அக்குழந்தையை எடுத்தணைத்து, இத்தரிசனத்தை நிலைநிறுத்த வல்லவனாவாய் என்று அனுக்ரஹித்தருளினார். அன்று அம்மாள் திருவாக்கில் கேட்ட பொருள், அரை நூற்றாண்டு கழித்துத் தம் கையில் வந்து சேரப்போவதை அக்குழந்தை எங்ஙனம் அறியும்!

அப்புள்ளாரிடமே ஸகல சாஸ்திரங்களையும் கற்ற வேங்கடநாதன், இருபது வயதிற்குள் அவற்றில் கரை கண்டார். கற்றதைப் பொருளாக்கும் எண்ணம் அவருக்கு எழவில்லை. ஆசார்யர் பரமபதித்த பின்னர்த் திருவஹீந்த்ரபுரம் எழுந்தருளி, ஔஷதகிரியில் கருட மந்த்ரத்தை ஜபித்திருந்து, பெரிய திருவடியின் அருளால் ஸ்ரீஹயக்ரீவ மந்த்ரத்தைப் பெற்றார். அத்தலத்துத் தேவநாதனைப் பாடுங்கால் மூன்று மொழிகளையும் கையாண்டார்: வடமொழியில் தேவநாயக பஞ்சாசத், பிராகிருதத்தில் அச்யுத சதகம், தமிழில் மும்மணிக்கோவை, நவமணிமாலை முதலியன. பெரும் பண்டிதராயினும் கைத்தொழிலை இழிவாகக் கருதாது, தம் கையாலேயே ஒரு கிணறு கட்டினார் என்பர். அக்கிணறு இன்றும் அங்கே ஸேவிக்கப்படுகிறது.

காஞ்சிக்குத் திரும்பிய ஸ்வாமி, தர்மபத்னியான திருமங்கையாருடன் இல்லறம் நடத்தினார். நாள்தோறும் உஞ்சவ்ருத்தியால் கிடைத்த அரிசியே அவ்வில்லத்தின் செல்வம். அதனை எம்பெருமானுக்கு அமுது செய்வித்து, எஞ்சியதை இருவரும் ஸ்வீகரிப்பர். ஒருகால், ஸ்வாமியின் வறுமையைக் கண்டு பொறாத சிலர் அரிசியோடு பொற்காசுகளையும் கலந்து அவர் பாத்திரத்தில் இட்டனர். பொன்னையே கண்டறியாத அவ்வம்மையார், அரிசியில் மின்னுகின்றவை யாவை என்று வினவினார். அவை புழுக்களென்று கூறி, ஒரு புல்லின் நுனியால் ஸ்வாமி அவற்றைத் தள்ளிவிட்டார். இளம்பருவத் தோழராகச் சொல்லப்படும் வித்யாரண்யர், விஜயநகர அரசவைக்கு வந்தால் வறுமை தீரும் என்று அழைப்பு விடுத்தபோதும், ஸ்வாமி வைராக்ய பஞ்சகம் என்னும் சிறிய கிரந்தத்தையே விடையாக அனுப்பினார். பாட்டனார் தேடிய செல்வமாகிய அத்திகிரி அருளாளன் இருக்கையில் வேறு செல்வம் வேண்டுவதில்லை என்பதே அதன் சாரம். அவருடைய நாற்பத்தெட்டாம் வயதில், 1316ஆம் ஆண்டு, வரதனின் திருநாமத்தையே தாங்கிய திருக்குமாரர் குமார வரதாசார்யர் அவதரித்தார். குழந்தை பிறந்த பின்னரும் உஞ்சவ்ருத்தி மாறவில்லை.

திருவரங்கத்துப் பெரியோர்களின் அழைப்பை ஏற்று அங்கு எழுந்தருளிய ஸ்வாமி, வாதத்தில் பிறமதத்தவரை வென்று, வேதாந்தாசார்யர் என்னும் பட்டத்தை அரங்கனின் நியமனமாகவே பெற்றார். பெருமாள் திருப்பாதுகைகளின் மீது ஆயிரத்தெட்டு சுலோகங்கள் கொண்ட பாதுகா ஸஹஸ்ரத்தை ஓரிரவிற்குள் அருளிச்செய்ததும் அங்கேயே. ஆயினும் புகழைக் கண்டு பொறாதாரும் இருந்தனர். ஒரு நாள் அவர் திருமாளிகை வாசலில் செருப்புக்களைக் கட்டித் தொங்கவிட்டனர். வெளியே வந்த ஸ்வாமியின் தலையில் அவை இடித்தன. அவரோ சினங்கொள்ளாது, கர்மத்தைப் பற்றி நிற்பார் சிலர், ஞானத்தைப் பற்றி நிற்பார் சிலர், தமக்குப் பற்றுக்கோடு அடியார்களின் பாதுகைகளே என்று கூறி அவற்றை வணங்கினார். இழிவுபடுத்த வந்தவர்கள் தலைகுனிந்தனர்.

1323ஆம் ஆண்டு பேரிடர் வந்தது. தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியது. பிள்ளை லோகாசார்யர் தள்ளாத முதுமையிலும் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். கோயிலில் தங்கியவர்களுள் ஸுதர்சன சூரியும் ஒருவர். அவர் நடாதூர் அம்மாளின் சிஷ்யர். அம்மாளின் காலக்ஷேபத்தில் கேட்டவற்றைச் ச்ருதப்ரகாசிகை என்னும் ஸ்ரீபாஷ்ய வியாக்கியானமாக ஏட்டில் எழுதி வைத்திருந்தார். தம் முடிவு நெருங்கியதை உணர்ந்த அவர், அவ்வோலைச் சுவடிகளையும் தம் இரு சிறு குமாரர்களையும் ஸ்வாமியிடம் ஒப்படைத்தார். அப்பொழுது ஸ்வாமிக்கு வயது ஐம்பத்தைந்து. வெட்டுண்டு கிடந்தவர்களின் உடல்களுக்கிடையே, சிறுவர் இருவரையும் அணைத்துக்கொண்டு, சுவடிகளை மறைத்து, இறந்தவரைப் போல இரவு முழுதும் கிடந்தார். படை அகன்ற பின்னர் அவர்களை அழைத்துக்கொண்டு கன்னட தேசத்தை அடைந்தார். ஐந்து வயதில் எந்த ஆசார்யரின் மடியில் ஏறி அனுக்ரஹம் பெற்றாரோ, அவ்வாசார்யரின் திருவாக்கை அழியாது காத்த கைங்கர்யம் இதுவே. குழந்தைக்கு அளித்த ஆசி அவ்விரவில் பலித்தது.

திருநாராயணபுரத்திலும் காவிரிக் கரையிலுள்ள சத்தியாகாலத்திலும் வாழ்ந்த நாட்களில் ஸ்வாமியின் உள்ளம் அரங்கத்தையே நினைந்து உருகியது. ஆனால் அவ்வுருக்கம் செயலற்ற புலம்பலாகவில்லை. அச்சம் நீங்க அபீதிஸ்தவம் பாடி அரங்கனிடம் முறையிட்டார். மீட்டுவந்த ச்ருதப்ரகாசிகையைச் சிஷ்யர்களுக்கு உபதேசித்துப் பரவச் செய்தார். ஊரும் கோயிலும் கைவிட்டுப் போன காலத்திலும் சேஷத்வம் கைவிட்டுப் போகவில்லை என்பதை அந்நாட்கள் காட்டுகின்றன.

முதுமையில் அருளிச்செய்த ஸ்ரீமத் ரஹஸ்யத்ரயஸாரம் முப்பத்திரண்டு அதிகாரங்கள் கொண்டது. எம்பெருமான் திருவடிகளில் சரணாகதி செய்வதற்கு இடமும் காலமும் குலமும் தடையல்ல என்று நிலைநாட்டிய ஸ்வாமி, அத்தோடு நிறுத்தவில்லை. பரத்தை ஒப்படைத்தவன் எஞ்சிய நாட்களை எவ்வாறு கழிக்கவேண்டும் என்பதற்காகத் தனி அதிகாரமே வகுத்தருளினார். பலனை எதிர்பாராமல் செய்யும் கைங்கர்யமே அந்நாட்களின் பயன். எழுதியதற்கும் வாழ்ந்ததற்கும் இடையே வேற்றுமையில்லாமையால் அவ்வுபதேசம் நெஞ்சில் நிற்கிறது.

1369ஆம் ஆண்டு, ஸௌம்ய வருஷம் கார்த்திகை மாதத்தில், திருக்குமாரரின் மடியில் திருமுடியும், ப்ரஹ்மதந்த்ர ஸ்வதந்த்ர ஜீயரின் மடியில் திருவடிகளுமாகச் சயனித்து, திருவாய்மொழியும் உபநிஷத்தும் செவியில் ஒலிக்க, ஸ்வாமி பரமபதத்திற்கு எழுந்தருளினார். அவருக்கென ஈட்டி வைத்த பொருள் ஒன்றும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட கிரந்தங்களும் அவற்றைக் கற்ற சிஷ்யர்களுமே அவர் வைத்துச் சென்ற தனம்.

ஆண்டுதோறும் புரட்டாசித் திருவோணத்தன்று தூப்புலிலிருந்து ஸ்வாமி தேசிகன் புறப்பட்டுப் பேரருளாளன் ஸந்நிதிக்கு எழுந்தருளி மங்களாசாஸனம் செய்கிறார். குழந்தையாக அன்று சென்ற அக்கோயிலுக்கே இன்றும் செல்கிறார். அவ்வுத்ஸவத்தை ஸேவிக்க, தந்தையின் தோளில் அமர்ந்த சிறுவரும் கோலூன்றிய முதியவரும் ஒருங்கே கூடுகின்றனர். ஐந்து வயதும் நூறு வயதும் அருளாளன் திருமுன்பில் ஒன்றே என்பதை அத்திருவீதி ஆண்டுதோறும் உணர்த்துகிறது.