டாக்டரம்மா திறந்த கதவு

போன வருஷம் இன்டர்ன்ஷிப்புக்காக ஒரகடம் பக்கத்துல ரூம் எடுத்துத் தங்கியிருந்தோம். ஒருநாள் காலையில ரூம்மேட்டோட போனைக் காணோம். அன்னைக்கு டீ கொண்டுவந்தது கீழே கடையில வேலை பார்த்த பையன். 15 வயசு இருக்கலாம். அவன்தான் எடுத்திருப்பான்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. கடைக்காரர் ரெண்டு அறை விட்டார். ஸ்டேஷன்ல ஒப்படைச்சுடலாம்னு ஒருத்தர் சொன்னார். நான் ஓரமா நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் அழுக்குத் துணி மூட்டைக்குள்ள போன் கிடைச்சது. அதுக்குள்ள பையன் கடையை விட்டே போயிட்டான்.

அவன் எங்கே போயிருப்பான்? போக இடம் இல்லாத ஒரு குழந்தைக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியோட தேட ஆரம்பிச்சப்போ எனக்குக் கிடைச்ச பெயர், உங்களுக்கும் தெரிஞ்ச பெயர்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குப் பணம் தரும் திட்டத்தில் இருக்கிற பெயர்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. முதல் பெண் டாக்டர்களில் ஒருவர் என்பதோடு நாம அவரை விட்டுடறோம். மீதிக் கதையைக் கேளுங்க.

1886 ஜூலை 30, புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் வயசுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்ப மாட்டார்கள். முத்துலட்சுமி வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் பாஸ் பண்ணினார். அடுத்து மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, பசங்க படிக்கிற இடத்தில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு. புதுக்கோட்டை மன்னரே தலையிட்டு இடம் கொடுத்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் டாக்டர். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் பண்ணிக்கும்போது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார்.

மேல்படிப்புக்காக 1925-இல் இங்கிலாந்து போய்த் திரும்பியவரை, இந்திய மாதர் சங்கம் சென்னை சட்ட மேலவைக்குப் போகச் சொன்னது. நோயாளிகளை விட்டுட்டு அரசியலா என்று முதலில் தயங்கினார். ஆனாலும் போனார். 1927-இல் அவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அங்கே அவர் கையில் எடுத்த விஷயங்களைக் கொஞ்சம் கவனிங்க. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, குழந்தைத் திருமண ஒழிப்பு, சின்னப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்குத் தடை. எல்லாமே குழந்தை சம்பந்தப்பட்டவை. எட்டு, பத்து வயசுப் பெண்ணுக்கு வாழ்க்கை பூரா என்ன தொழில் என்று மற்றவர்கள் முடிவு பண்ணிவிட்டு, பிறகு அவளையே குற்றவாளி மாதிரி ஊர் பார்த்தது. அவரைக் கோபப்படுத்தியது இந்த அநியாயம்தான். சத்தியமூர்த்தி மாதிரி பெரிய தலைவர்களே எதிர்த்தும் அவர் பின்வாங்கவில்லை. சிறுமிகளைத் தொழிலுக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் 1930-இல் வந்ததிலும் அவர் பங்கு பெரியது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை முழுசா ஒழிக்கும் சட்டம் வர மட்டும் 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கு. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்தது நம்ம சென்னை மாகாணம்தான், 1920-இல். குழந்தையைப் பெரியவர்களோடு சிறையில் போடக்கூடாது, தனி நீதிமன்றம் வேணும் என்ற யோசனை அப்பவே வந்தாச்சு. ஆனால் சட்டம் ஒரு குழந்தையை ஆபத்திலிருந்து வெளியே எடுக்கும். எடுத்த பிறகு அன்னைக்கு ராத்திரி அந்தக் குழந்தை எங்கே தூங்கும்?

அந்தக் கேள்வி 1930-இல் அவர் வீட்டு வாசலுக்கே வந்தது. பொட்டுக்கட்டிலிருந்து தப்பித்த மூன்று சின்னப் பெண்கள் அடைக்கலம் கேட்டு வந்து நின்றார்கள். படிக்கணும்னு ஆசை. ஹாஸ்டல்களில் சேர்க்கக் கேட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை சாதிப்படி நடந்தவை. இந்தப் பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். சரி, என் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். அதுதான் அவ்வை இல்லம். சாதி பார்க்காமல் பெண்களைச் சேர்த்து, சோறு, படிப்பு, கைத்தொழில் மூன்றும் கொடுத்த இடம். பிறகு அடையாறுக்கு மாறி இன்னைக்கும் பள்ளியோடு இயங்குது. அதே 1930-இல், காந்தி கைதானதைக் கண்டித்து மேலவைப் பதவியை ராஜினாமா செய்தார். பதவி போனாலும் இல்லம் நின்றது.

தங்கையைப் புற்றுநோயில் இழந்த துக்கம் அவரிடம் பல வருஷம் இருந்தது. 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தார். அப்போ அவருக்கு 67 வயசு. 1956-இல் பத்மபூஷண். 1968 ஜூலை 22 அன்று மறைந்தார்.

சரி, இதெல்லாம் பழைய கதைன்னு நினைக்கிறீங்களா? ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியா பஸ் பிடித்தால் செங்கல்பட்டு. அங்கே வெள்ளைக்காரன் காலத்துச் சீர்திருத்தப் பள்ளியின் தொடர்ச்சியாக அரசுச் சிறுவர் இல்லம் இருக்கு. 2022 டிசம்பர் கடைசியில் அங்கே ஒரு சிறுவன் இறந்துபோனான். அடித்ததாக ஊழியர்கள் கைதானார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்து, மாநிலத்தின் சிறுவர் இல்லங்களை எப்படிச் சீர்படுத்தலாம் என்று அரசு அறிக்கை வாங்கியது. 1920-இல் எழுதிய சட்டத்துக்கு 100 வருஷம் கழித்தும் அதே கேள்விதான்: குழந்தையை வைக்கும் அந்த இடம் எப்படி இருக்கு? டாக்டரம்மா தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது சொன்ன பதில், அது வீடு மாதிரி இருக்கணும் என்பதுதான்.

அதே பக்கத்தில் இன்னொன்றும் சொல்லணும். மூன்று பெண்களுக்கு ஹாஸ்டல் கிடைக்காத அதே மாநிலத்தில், 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறந்திருக்காங்க. நைட் ஷிஃப்ட் பஸ்ஸில் இறங்கும் அந்த அக்காக்களைப் பார்க்கும்போது, அந்த மூன்று பேரும் எனக்கு ஞாபகம் வர்றாங்க.

எனக்கு லேட்டாத் தெரிஞ்சதை உங்களுக்குச் சொல்லிடறேன். 18 வயசுக்குக் கீழே உள்ள யாரையும் லாக்கப்பில் வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தணும். அதில் மாஜிஸ்திரேட்டோடு ரெண்டு சமூகப் பணியாளர்களும் உட்காருவாங்க. அதில் ஒருத்தராவது பெண்ணா இருக்கணும். தப்பே செய்யாமல் தவிக்கும் குழந்தைக்குக் குழந்தைகள் நலக் குழு இருக்கு. கூப்பிட வேண்டிய நம்பர் 1098.

அன்னைக்கு இதில் ஒண்ணுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அவனை அடிக்காதீங்கன்னு சொல்ல எந்தச் சட்டமும் தெரிஞ்சிருக்க வேண்டியதில்லை. அந்த டீக்கடையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கிறேன். இப்போ வேற பையன் டம்ளர் கழுவுறான்.