கோழியாளத்துச் சிறுவன்

2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றியுள்ள பகுதிகளிலும் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு நாட்டு வரலாற்றை யாரிலிருந்து சொல்லத் தொடங்குவது? இரட்டைமலை சீனிவாசனிலிருந்து தொடங்கலாம் என்போம் நாம்.

மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்தவர். கோவையில் படித்தபோது உடன் படித்த சுமார் 400 பேரில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். ஊர் எது, உறவினர் யார் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம் அவரை விடவில்லை. அதனால் மணி அடிக்கும்வரை வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படிப்பார். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் நெருங்குவதற்குள் வீட்டுக்கு விரைந்துவிடுவார். விளையாட ஆசை இருந்தும் விளையாடவில்லை. இன்றும் விடுதிப் பிள்ளைகள் சிலருக்கு இந்த ஓட்டம் புரியும்.

அப்படி ஒளிந்து நடந்தவர்தான் 1893இல் சென்னையில் இதழ் தொடங்கியபோது அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். எந்தச் சொல்லுக்கு அஞ்சி ஓடினாரோ அதையே முகப்பில் அச்சிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் இவருடைய அக்காள் தங்கை வழி உறவினர். அந்தப் பெயரில் பண்டிதருக்கு உடன்பாடில்லை. எதிரி சூட்டிய பெயரை உதறுவதா, உயர்த்திப் பிடிப்பதா என்ற அந்த விவாதம் நம்மிடையே இன்னும் ஓயவில்லை.

பிறகு வெளிநாடு சென்றார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். நாடு திரும்பி 1923இல் சென்னை சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, அரசு அலுவலகம் ஆகியவற்றில் நம் மக்களைத் தடுக்கக் கூடாது என்று 1924இல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1925இல் அது அரசிதழில் வெளியானது. தெருவில் நடக்கவே தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது.

கருணாபுரத்துப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. விடுமுறை நாட்களில் மதுக்கடைகளை மூட வேண்டும் என்றும் அவர் அதே மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். உழைத்த கூலி எந்த நாளில் எந்தக் கடைக்குப் போகிறது என்பது சேரியில் பிறந்தவருக்குத் தெரியாதா?

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோர் சார்பில் சென்ற இருவர் அம்பேத்கரும் இவரும். 1932இல் பூனா ஒப்பந்தத்திலும் இவர் கையெழுத்து உண்டு. 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார்.

தன் வாழ்க்கையை அவரே சிறு நூலாக எழுதி 1939இல் வெளியிட்டிருக்கிறார். மாலை நேர வகுப்பு நடத்தும் தம்பி தங்கைகள் அதை நூலகத்தில் கேட்டு வாங்கி, அந்தக் கோவைப் பள்ளிப் பகுதியை மட்டுமாவது பிள்ளைகளுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள்.