பெட்ரிக் கெடிஸ்: இடிப்பதற்கு முன் நடந்து பார்த்த மனிதர்

கொழும்பின் நகரத் திட்டமிடல் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் 1921 ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவார்கள். ஸ்கொட்லாந்து நாட்டவரான பேராசிரியர் பெட்ரிக் கெடிஸ் கொழும்புக்கான ஆரம்ப அறிக்கையை எழுதிய ஆண்டு அது. அந்தத் துறையைப் படித்தவர்களைத் தவிர நம்மில் அதிகமானோர் அவரை அறிந்திருக்க மாட்டார்கள். நான் நகரத் திட்டமிடல் நிபுணன் அல்லன். புவியியல் கற்பிக்கும் ஆசிரியன். ஆனாலும் மாளிகாவத்தையிலும் வாழைத்தோட்டத்திலும் கொம்பனித்தெருவிலும் வாழும் நமது மக்கள் இந்த மனிதரின் வாழ்க்கையை அறிந்திருப்பது பயன் தரும் என்று நினைக்கிறேன். வீடு இடிபடுமா, எங்கே அனுப்புவார்கள், பிள்ளையின் பாடசாலை என்னவாகும் என்று இவர்கள் இன்று கேட்பவற்றை, நூறு வருடங்களுக்கு முன்பே அதிகாரிகளின் மேசைக்கு எடுத்துச் சென்றவர் அவர்.

1854 இல் பலட்டர் என்ற ஊரில் பிறந்த கெடிஸின் தந்தை ஓர் இராணுவ வீரர். உயிரியல் கற்க லண்டன் சென்று ரி.எச். ஹக்ஸ்லியிடம் மாணவராக இருந்தார். ஆனால் பட்டம் எதுவும் பெறவில்லை. பிற்காலத்தில் பேராசிரியராகி உலகம் முழுவதும் அழைக்கப்பட்ட ஒருவரிடம் பட்டச் சான்றிதழ் இருக்கவில்லை என்பதைச் சான்றிதழ்களை அடுக்கி வைக்கும் நமது காலத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

1879 இல் ஆய்வுக்காக மெக்ஸிக்கோ சென்றபோது கண்பார்வை பாதிக்கப்பட்டு, சில வாரங்கள் இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. நுணுக்குக்காட்டியில் நீண்ட நேரம் வேலை செய்வது இனிச் சாத்தியமில்லை என்ற நிலை. அந்த இருட்டில் ஜன்னல் கண்ணாடியின் சட்டங்களை விரலால் தடவித் தடவி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு விடயத்தை வைத்து அவற்றுக்கிடையிலான தொடர்பை யோசிக்கப் பழகினார். பின்னர் கடதாசியை மடித்துக் கட்டங்களாக்கிச் சிந்திப்பது அவரது வாழ்நாள் பழக்கமாயிற்று. இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்கக்கூடாது என்ற அவரது பிடிவாதம் அங்கிருந்து வளர்ந்தது.

1886 இல் அனா மோர்ட்டன் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். வசதியான குடும்பத்துப் பெண். புதுமணத் தம்பதியர் எடின்பரோவின் நல்ல பகுதியில் குடியேறாமல், பழைய நகரத்தில் நெரிசலும் அழுக்கும் நிறைந்த ஜேம்ஸ் கோர்ட் என்ற முற்றத்துக்கு வீட்டை மாற்றிக்கொண்டார்கள். அயலவர்களைச் சேர்த்து முற்றத்தைத் துப்புரவாக்கினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு பூசினார்கள், வெற்றிடங்களில் செடி வைத்தார்கள். இடிந்து விழும் நிலையில் இருந்த வீடுகளை மட்டும் அகற்றிக் காற்றும் வெளிச்சமும் வர இடம் விட்டு, மற்றவற்றைத் திருத்தி மாணவர் விடுதிகளாகவும் குடியிருப்புகளாகவும் ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் சேரி என்றால் முழுத் தெருவையும் தரைமட்டமாக்கி அகலமான வீதி போடுவதே அரச நடைமுறை. வீடிழந்தவர்கள் அடுத்த தெருவில் போய் இன்னும் நெருக்கமாக அடைந்து கொள்வார்கள். நோய் நீங்குவதில்லை, இடம் மாறும். உயிரியல் படித்த கெடிஸுக்கு இது விளங்கியது. நோயாளியை முதலில் பரிசோதிக்க வேண்டும், பிறகு எவ்வளவு குறைவாக வெட்ட முடியுமோ அவ்வளவு மட்டும் வெட்ட வேண்டும் என்ற சத்திரசிகிச்சை முறையையே அவர் நகரத்துக்கும் சொன்னார்.

1892 இல் எடின்பரோவில் ஒரு பழைய கோபுரக் கட்டடத்தை வாங்கி அதைக் கற்கும் இடமாக மாற்றினார். உச்சியில் நின்று நகரத்தை நேரில் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே எடின்பரோ பற்றிய தளம், அடுத்தது ஸ்கொட்லாந்து, பிறகு ஐரோப்பா, கடைசியில் உலகம். இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. என் வகுப்பில் வீட்டு வாசலில் உள்ள கான் எங்கே போய்ச் சேர்கிறது என்று பிள்ளைகளைத் தேடிப் பார்க்கச் சொல்வதுண்டு. வீதிக் கான் மாநகர சபைக்குரியது, கால்வாய் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்குரியது, குழாய் நீர் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்குரியது என்று கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். மழை வந்தால் மூன்றும் ஒன்றாகிவிடுகிறதே சேர் என்று ஒருவராவது கேட்பார்.

கெடிஸ் 1915 இல் வெளியிட்ட நூலில் பேசியதும் இதைத்தான். ரயிலும் மின்சாரமும் வந்தபின் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பெருநகரப் பிரதேசங்களாகிவிட்டன. ஆனால் சபைகளின் எல்லைகள் பழையபடியே இருக்கின்றன என்று காட்டினார். இப்படி ஒட்டி வளர்ந்த நகரத் தொகுதிக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவரும் அவரே. மலையிலிருந்து கடல் வரை ஓடும் ஆற்றின் பள்ளத்தாக்கு முழுவதையும் பார்த்தால்தான் முகத்துவாரத்தில் இருக்கும் நகரம் விளங்கும் என்பார். களனி கங்கையை நினைத்துப் பார்த்தால் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2016 மே மாதம் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியபோது அந்தத் தண்ணீர் எந்தச் சபை எல்லையையும் கேட்டு வரவில்லை. கொழும்பு மாநகரத்தின் குப்பை கொலன்னாவ நகர சபைப் பிரதேசத்தில் மலையாகக் குவிந்து, 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி மீதொட்டமுல்லையில் சரிந்து 32 உயிர்களைக் கொண்டுபோனது.

1914 இல் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவர் பல வருடங்களாகச் சேகரித்த நகரக் கண்காட்சிப் பொருட்கள் தனிக் கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை ஜேர்மனியின் எம்டன் மூழ்கடித்தது. நமது மூத்தவர்கள் கெட்டிக்காரனை எம்டன் என்று சொல்வார்களே, அதே எம்டன்தான். சோர்ந்து போகாமல் நண்பர்களிடமிருந்து மீண்டும் பொருட்களைத் திரட்டி 1915 இன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். அதன்பின் ஊர் ஊராக நடந்தார். தஞ்சாவூர், மதுரை, லாகூர், லக்னோ, டாக்கா என்று அந்தப் பட்டியல் நீளம். பொறியியலாளர்கள் வரைபடத்தில் கோடு போட்டு வீடுகளின் குறுக்கே வீதி வெட்ட முனைந்த இடங்களில், அதே சந்துகளில் நாட்கணக்காக நடந்து, எந்த மரம், எந்தக் கிணறு, எந்த வணக்கத்தலம், எந்தச் சுவர் என்று குறித்து, மிகக் குறைந்த செலவில் மாற்றுத் திட்டம் கொடுத்தார்.

1917 ஆம் ஆண்டு அவரை உடைத்தது. மூத்த மகன் அலஸ்டெயர் பிரான்ஸ் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். மனைவி அனா இந்தியாவில் கடும் நோயில் இருந்ததால், அந்தச் செய்தியை அவரிடம் மறைத்து மகனின் பழைய கடிதங்களையே வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார் கெடிஸ். சில வாரங்களில் அனாவும் இறந்துபோனார்.

அந்தத் துயரத்தோடுதான் அவர் இந்தூரில் வேலை செய்தார். அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தது. இவரைக் கண்டாலே வீடு இடிக்க வந்தவர் என்று மக்கள் ஒதுங்கினார்கள். மகாராஜாவிடம் ஒருநாள் ஆட்சியைக் கேட்டு வாங்கி, தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம் ஒன்றை அறிவித்தார். வழமையான பாதையில் அது போகாது. எந்தத் தெருக்கள் அதிகம் துப்புரவாக்கப்பட்டனவோ அவற்றின் வழியாகவே போகும் என்றார். மக்கள் போட்டி போட்டு வீடுகளையும் கொல்லைகளையும் சுத்தப்படுத்தினார்கள். ஊர்வலத்தில் எலியின் பெரிய உருவமும் அழுக்குப் பூதமும் கொண்டுசெல்லப்பட, துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடையில் மாலையோடு நடந்தார்கள். கட்டளையிட்டுச் செய்ய முடியாததை மரியாதை கொடுத்துச் செய்வித்தார்.

நமது வாசகர்களிடம் மறைக்கக்கூடாத ஒரு பக்கமும் அவருக்கு உண்டு. 1919 இல் சியோனிச அமைப்பின் அழைப்பில் ஜெரூசலம் சென்று ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்குத் திட்டம் வரைந்தார். 1925 இல் டெல் அவிவின் திட்டமும் அவருடையதே. அந்த அறிக்கையின் தலைப்பில் யாஃபாவின் பெயரும் இருந்தது. ஆனால் வளர்ந்தது டெல் அவிவ் மட்டுமே. 1948 இல் யாஃபாவின் அரபு மக்களில் மிகப் பெரும்பாலானோர் விரட்டப்பட்டார்கள், 1950 இல் அந்தத் தொன்மையான துறைமுக நகரம் டெல் அவிவ் மாநகர சபைக்குள் இணைக்கப்பட்டது. கெடிஸ் அதைக் காண உயிரோடு இருக்கவில்லை. இருந்தாலும் இந்தியச் சந்துகளில் அங்கு வாழ்பவர்கள் யார் என்று முதலில் கேட்ட அவர், பலஸ்தீனத்தில் தன்னை அழைத்தவர்கள் யார் என்பதைப் போதுமான அளவு கேட்டுக்கொள்ளவில்லை என்பதே என் அபிப்பிராயம். நல்ல வரைபடம்கூட யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே வேலை செய்கிறது.

கொழும்பைக் கிழக்கின் தோட்ட நகரமாக வளர்க்கும் எண்ணம் அவரது 1921 அறிக்கையோடு சேர்த்தே பேசப்படுகிறது. நிழல் மரங்களும் அகன்ற வீதிகளும் கறுவாத்தோட்டத்துக்குக் கிடைத்தன. மத்திய கொழும்பின் தோட்டங்கள் என்ற பெயரில் நாம் வாழும் முடுக்குகளுக்கு அந்தத் தோட்டம் வந்து சேரவில்லை. பின்னர் 1948 இல் பெட்ரிக் அபர்குரொம்பி கொழும்புப் பிரதேசத்துக்குத் திட்டம் தந்தார். 1978 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது. அது 2010 இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. 2016 இல் மேல் மாகாணம் முழுவதையும் ஒரே பெருநகரமாகப் பார்க்கும் மெகாபொலிஸ் திட்டம் வெளியானது. பிரதேசம் முழுவதையும் பார்க்க வேண்டும் என்ற கெடிஸின் பாதிப் பாடத்தை நமது திட்டங்கள் எடுத்துக்கொண்டன. சந்தில் நடந்து குடியிருப்பாளரிடம் கேட்க வேண்டும் என்ற மறுபாதியைத் தொடர்மாடிக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களிடம் கேட்டுப் பார்க்கலாம். தினமும் இரண்டு பஸ் மாறிப் பழைய பாடசாலைக்கே வரும் பிள்ளைகள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள்.

பம்பாய் பல்கலைக்கழகத்தில் 1919 முதல் 1924 வரை பேராசிரியராக இருந்தபின் உடல்நலம் குன்றி பிரான்ஸின் மொன்பெலியே நகருக்குப் போனார் கெடிஸ். அங்கும் சும்மா இருக்காமல் மாணவர்களுக்கு ஒரு கல்லூரி கட்டத் தொடங்கினார். முன்பு ஒருமுறை மறுத்திருந்த சேர் பட்டத்தை 1932 இல் ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு ஏப்ரல் 17 ஆம் திகதி மொன்பெலியேயில் அவர் காலமானபோது அந்தக் கல்லூரியின் வேலைகள் முடிந்திருக்கவில்லை.