பனிமலை கடந்த உழவர்

அமெரிக்கக் குடியேற்ற வரலாற்றிற் புகுவோர் முதலிற் கேள்வியுறுவது, 1846ஆம் ஆண்டின் மாரியிற் சியரா நெவாடா மலைப்பனியில் அகப்பட்டு மாண்ட டொனர் கூட்டத்தாரின் துயரக் கதையையே. நானும் அதனையே முதலிற் படித்தேன். அவர்களுள் ஒரு குடும்பம் ஒதுங்கிய மரக்குடிசை, இரண்டாண்டுகளுக்கு முன் வேறொரு கூட்டத்தார் கட்டி விட்டுச் சென்றதென ஓரிடத்திற் குறிப்பொன்று கண்டேன். கட்டியவர் யாவரெனத் தேடியபோதுதான் மார்ட்டின் மேர்பி என்னும் ஐரிஷ் உழவரை அறிந்தேன். கலிபோர்னியாவிற் பெயர்பெற்ற அவர், வெளியுலகில் அத்துணை அறியப்படவில்லை. தம் கூட்டத்தில் ஒருவரையும் சாகக் கொடாமையே அதற்குக் காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அவர் 1807இல் அயர்லாந்தின் வெக்ஸ்போட் பகுதியிற் பிறந்தார். அக்காலத்தில் அங்கே கத்தோலிக்க உழவன் பெரும்பாலும் பிறர் நிலத்துக் குத்தகைக்காரனே. தந்தையார் 1820இற் கனடாவின் கியூபெக்குக்குப் பெயர்ந்தார். மகன் 1828இற் பின்தொடர்ந்தார். 1831இல் மேரி பொல்கரை மணந்து, பிராம்ப்டனிற் காடு வெட்டிக் கழனி கண்டார். 1840களின் தொடக்கத்திற் குடும்பம் மிசூரிக்குச் சென்றது. அங்கே மண் வளமானது, மலேரியாவுக்கும் குறைவில்லை. மேர்பியின் தாயார் அந்நிலத்திலேயே மறைந்தார். பிள்ளைகளுக்குக் கோயிலுமில்லை, பள்ளியுமில்லை. மெக்சிக்கோவின் ஆட்சியிலிருந்த கலிபோர்னியா கத்தோலிக்க நாடு, நோயற்ற நாடு என்று ஒரு குருவானவர் கூறிய செய்தி அவர்களை மேற்கே திருப்பியது.

1844 மே மாதம் ஏறக்குறைய ஐம்பதுபேர் மாட்டுவண்டிகளிற் புறப்பட்டனர். எலிஷா ஸ்டீவன்ஸ் தலைவர். கூட்டத்திற் பெரும்பகுதி மேர்பி குடும்பத்தாரே. பையூட் இனத்து முதியவர் ஒருவர் நிலத்திற் கோடு கீறி ஆற்றின் வழியைக் காட்டினார். நவம்பரில் மலையடி ஏரியை அடைந்தபோது பனி முந்திவிட்டது. ஐந்து வண்டிகளை மட்டும் மேலே கொண்டுசென்றனர். செங்குத்தான பாறையொன்று குறுக்கிட்டது. மாடுகளை அவிழ்த்து, பாறை வெடிப்பொன்றின் வழியே ஒவ்வொன்றாக மேலேற்றினர். மேலே நின்ற மாடுகள் சங்கிலியால் இழுக்க, ஆடவர் கீழே நின்று தள்ள, வண்டிகள் ஏறின. சக்கர வண்டி அம்மலையைக் கடந்தது அதுவே முதன்முறை.

கடந்தும் துன்பம் தீரவில்லை. யூபா ஆற்றங்கரைப் பனியில் மேரி பெண்மகவொன்றை ஈன்றாள். எலிசபெத் யூபா என்று பெயரிட்டனர். பெண்களையும் பிள்ளைகளையும் குடிசையில் விட்டு, ஆடவர் உதவி தேடிச் சட்டரின் கோட்டைக்குச் சென்றனர். சென்றவர்கள் மெக்சிக்கோ ஆளுநரின் உள்நாட்டுப் போரில் ஈடுபடுத்தப்பட்டனர். பனிக்குடிசையில் மனைவியர் மாட்டுத்தோலை அவித்துண்ணுகையில், கணவர் யாரோ ஒருவர் சண்டைக்கு அணிவகுத்தனர்! இதனை என்னால் எளிதிற் பொறுக்க இயலவில்லை. ஏரிக்கரையில் தனித்துவிடப்பட்ட பதினேழு வயது மோசஸ் ஷலென்பெர்கரோ நரி பிடித்துத் தின்று, வைத்தியரின் நூல்களிற் பைரனைப் படித்து மாரியைக் கழித்தான். 1845 வசந்தத்துக்குள் அனைவரும் மீட்கப்பட்டனர். வழியிற் பிறந்த இரு குழந்தைகளால், புறப்பட்டோரிலும் கலிபோர்னியா சேர்ந்தோர் தொகை கூடியே இருந்தது.

கொசும்னஸ் ஆற்றங்கரையிற் கோதுமையும் மந்தையும் வளர்த்த மேர்பி, 1850இற் பஸ்தோரியா தெ லாஸ் பொரெகாஸ் என்னும் பெருநிலத்தின் ஒரு பகுதியை வாங்கினார். ஏறக்குறைய 4,800 ஏக்கர். இன்றைய சனிவேல் நகரின் ஒரு பகுதி அதில் அடங்கும். அது முன்னர் மெக்சிக்கோ அரசு வழங்கிய மானியம். அதற்கும் முன்னர் ஒலோனி மக்களின் மண். நிலக்கிழார்களின் நாட்டிலிருந்து வந்தவர், தாமே பெரும் நிலக்கிழாரானார். 1864இல் ரயில்பாதை அவர் வயலூடே சென்றது. கணினித் தொழிலாற் புகழ்பெற்ற அந்நகரில், 1961இல் இடிக்கப்பட்ட அவர் வீட்டின் மறுவடிவம் 2008 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

1881 யூலையில் மேர்பி தம்பதியரின் பொன்விழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். மூன்றாண்டுகளில் அவர் மறைந்தார். மேரி 1892வரை வாழ்ந்தார். அவ்விழாப் பந்தியில் எலிசபெத் யூபா இருக்கவில்லை. பனியிற் பிழைத்த அம்மகள், ஆறாண்டுகளுக்கு முன்னரே, 1875இல் மறைந்துவிட்டாள்.