5 பவுண்டு இல்லாமல் போன உரிமை!
ஜெட் என்ஜின் கண்ட பிராங்க் விட்டிலின் கதை

பலூனை ஊதுங்கள். வாயைக் கட்டாமல் விட்டு விடுங்கள். காற்று ஒரு பக்கம் சீறும். பலூன் மறுபக்கம் பாயும். இந்தத் தத்துவத்தில்தான் ஜெட் விமானம் பறக்கிறது.

அந்த என்ஜினுக்காகப் பாடுபட்டவர் பிராங்க் விட்டில்.

1907-ம் ஆண்டு இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் பிறந்தார். தந்தை மெக்கானிக். சிறுவன் விட்டில் தந்தையின் சிறு பட்டறையில் வேலை பழகினான். நூல் நிலையத்தில் விமானங்களைப் பற்றிப் படித்தான்.

குள்ளம் என்றார்கள்

விமானப் படையில் சேரப் போனார். உயரம் 5 அடிதான். திருப்பி அனுப்பி விட்டார்கள். உடற்பயிற்சி செய்து 3 அங்குலம் வளர்ந்தார். அப்போதும் மறுத்தார்கள். வேறு பெயரில் மனுச் செய்தார். 1923-ல் இடம் கிடைத்தது.

அக்கால விமானங்களை இழுத்துச் சென்றது முன்புறச் சுழல் விசிறி. மிக உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். அங்கே விசிறிக்கு வலு இல்லை. விட்டில் புது வழி கண்டார். காற்றை உள்ளே இழுத்து அழுத்த வேண்டும். அதில் எண்ணெயை எரிக்க வேண்டும். சூடான வாயு பின்புறம் சீறும். விமானம் முன்னே பாயும். போகிற வழியில் அந்த வாயுவே ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம், காற்றை அழுத்தும் கருவியை ஓட்டும்.

1930-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். வயது 22. விமான இலாகா அக்கறை காட்டவில்லை.

1935-ல் உரிமையைப் புதுப்பிக்க 5 பவுண்டு கட்ட வேண்டும். குடும்பச் செலவுக்கே பணம் போதவில்லை. இலாகாவும் கட்ட மறுத்தது. உரிமை பறிபோயிற்று!

எல்லோரும் ஓடினர்

விட்டில் சோர்ந்து விடவில்லை. 1936-ல் நண்பர்கள் உதவியுடன் கம்பெனி தொடங்கினார். 1937 ஏப்ரல் 12-ந் தேதி என்ஜின் ஓடியது. எண்ணெயை அடைத்த பிறகும் வேகம் ஏறிக்கொண்டே போயிற்று. வெடித்து விடுமோ என்று மற்றவர்கள் ஓடினார்கள். விட்டில் நின்ற இடத்திலேயே நின்றார். கசிந்த எண்ணெய் உள்ளே தேங்கி எரிந்ததே காரணம். அதைச் சரி செய்தார்.

இதற்குள் ஜெர்மனி முந்திக் கொண்டது. ஓகைன் என்பவரின் ஜெட் என்ஜினுடன் 1939 ஆகஸ்டு 27-ல் விமானம் பறந்தது. விட்டிலின் என்ஜின் 1941 மே 15-ல் 17 நிமிடம் பறந்தது. ஓயாத உழைப்பில் அவர் உடல்நலம் கெட்டது.

1948-ல் சர் பட்டம் கிடைத்தது. பரிசும் கிடைத்தது. 5 பவுண்டு கட்ட மறுத்த அதே சர்க்கார் தந்த தொகை: 1 லட்சம் பவுண்டு!

விட்டில் 1996-ல், 89-வது வயதில் அமெரிக்காவில் காலமானார்.