குற்றம் கண்டவர்களே காப்பாற்றினார்கள்!

ஒரு கிரகம். இரவில் அங்கே தாங்க முடியாத குளிர். சில மாலுமிகள் அதில் அகப்பட்டு நடுங்குகிறார்கள். ஆட்களை நொடியில் இடம் மாற்றும் யந்திரம் கோளாறாகிவிட்டது. அவர்களுடைய விண்வெளிக் கப்பல் மேலே சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்க டெலிவிஷனில் 1966-ம் ஆண்டு அக்டோபரில் வந்த கதை இது. தொடரின் பெயர் 'ஸ்டார் டிரெக்'.

மூன்று மாதம் கழித்து, அதே கப்பலின் வயிற்றிலிருந்து ஒரு சிறிய விண்வெளி ஓடம் வெளியே வந்தது!

ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஓடம் இருக்கும்போது, அந்த மாலுமிகளை ஏன் குளிரில் விட்டார்கள்? ஓடம் பழுதாகியிருக்கும் என்றார்கள் சிலர். புயல் அடித்திருக்கும் என்றார்கள் வேறு சிலர்.

உண்மைக் காரணம் பணம். அது தெரிந்தவர், தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பரி.

விமானி, போலீஸ்காரர்

ராடன்பரி 1921-ம் ஆண்டு டெக்சாசில் உள்ள எல் பாசோ நகரில் பிறந்தார். வளர்ந்தது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில். தகப்பனார் அங்கே போலீஸ்காரர்.

இரண்டாவது உலகப் போரில் ராடன்பரி குண்டு வீசும் விமானம் ஓட்டினார். பிறகு பயணிகள் விமானத்தில் சேர்ந்தார். 1947-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் சென்ற விமானம் தீப்பிடித்து, சிரியா பாலைவனத்தில் விழுந்தது. விலா எலும்பு முறிந்த நிலையிலும் பயணிகளை நெருப்பிலிருந்து இழுத்துப் போட்டார்.

பின்னர் அவரும் போலீசில் சேர்ந்தார். கதை எழுதும் ஆசை விடவில்லை. 1956-ல் அந்த வேலையையும் உதறினார்.

யந்திரம் கெட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். ஆகவே தன் கதையில் வரும் யந்திரங்களும் நம்பும்படி இருக்க வேண்டும் என்று விரும்பினார். கதைகளைப் படித்துத் தவறு கண்டுபிடிப்பதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமர்த்தினார்.

முதல் மாதிரிப் படத்தில் லேசர் துப்பாக்கி வந்தது. நாளைக்கு ஜனங்கள் லேசரைப் பற்றித் தெரிந்துகொண்டு சிரிப்பார்களே என்று, பெயரை 'பேசர்' என்று மாற்றினார்கள். உலகத்திலேயே இல்லாத ஆயுதத்தில் யார் குற்றம் காண முடியும்?

ஆனால் பணத்துக்கு எங்கே போவது? வாரந்தோறும் கப்பல் தரை இறங்குவதைக் காட்ட ஏகப்பட்ட செலவு. அதை மிச்சம் பிடிக்கவே இடம் மாற்றும் யந்திரம் பிறந்தது. ஓடம் செய்யவும் காசில்லை. கடைசியில், பொம்மை மாடல் விற்கும் கம்பெனி ஒன்று அதைச் செய்து கொடுத்தது. அதற்குள் குளிர்க் கதை படமாகிவிட்டது!

மாணவர் ஊர்வலம்

கப்பல் தலைவர் கர்க்கின் பெயரையும் ரசிகர்கள் விடவில்லை. கல்லறைக் கல்லில் ஜேம்ஸ் ஆர். கர்க், பிறகு ஜேம்ஸ் டி. கர்க். அது எப்படி?

இப்படித் துருவித் துருவிப் பார்த்தவர்கள்தான், தொடர் நிற்கப் போகிறது என்றதும் பதறினார்கள். என்.பி.சி. நிலையத்தில் கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. 1968 ஜனவரியில், விஞ்ஞானம் படிக்கும் கால்டெக் மாணவர்கள் அங்கே ஊர்வலம் போனார்கள். ராடன்பரியும் மறைவில் தூண்டிவிட்டார் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 1-ந் தேதி, தொடர் நீடிக்கும் என்று டெலிவிஷனிலேயே அறிவித்தார்கள். ஆனால் கிடைத்தது வெள்ளிக்கிழமை இரவு 10 மணி. இளைஞர்கள் வீட்டில் இல்லாத நேரம்! 1969-ல் தொடர் நின்றது. மொத்தம் 79 கதைகள்.

நின்ற பிறகுதான் புகழ் பெருகியது. ஊர் ஊராக மறுபடி காட்டினார்கள். ரசிகர்கள் மீண்டும் கடிதம் எழுதி, 1976-ல் அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்குக் கதைக் கப்பலின் பெயரையே வைக்கச் செய்தார்கள்: 'என்டர்பிரைஸ்'. விழாவுக்கு ராடன்பரியும் போயிருந்தார். அந்த ஓடத்தில் ராக்கெட் என்ஜின் கிடையாது. அது விண்வெளிக்குப் போகவே இல்லை. ரசிகர்கள் இதை மட்டும் மன்னித்துவிட்டார்கள் போலும்!

1979-ல் சினிமாப் படம் வந்தது. அதில் எதிரிகளான கிளிங்கன்களுக்குத் திடீரென்று நெற்றியில் மேடு முளைத்திருந்தது. முன்பும் அப்படியே இருந்ததாக நினைத்துக்கொள்ளும்படி ராடன்பரி கேட்டுக்கொண்டார். ரசிகர்கள் கேட்பார்களா? 2005-ல் வந்த ஒரு தொடர், அது கிருமி செய்த வேலை என்று சொல்லிச் சமாளித்தது.

அதைப் பார்க்க ராடன்பரி இல்லை. 1991-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி, 70 வயதில் காலமானார். மறு வருஷம், அவரது அஸ்தியில் ஒரு சிறு பகுதியைக் 'கொலம்பியா' ஓடம் விண்வெளிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தது.